இருபத்தெட்டு நாள் வேலிடிட்டி

ஜனவரி 18, சனி

இனி வெள்ளிக்கிழமை போன் வராது. ஆளே வந்துவிட்டார்.

நேற்றுக் காலை பத்து மணிக்குத் திருச்சியிலிருந்து வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. ஒரு பெரிய பெட்டி, ஓர் அட்டைப்பெட்டி, தோளில் ஒரு பை. இருபத்தேழு வருஷம் சவூதியில், தமாமில் ஏசி மெக்கானிக்காக இருந்தவருக்கு மூன்றே உருப்படி. முன்பெல்லாம் லீவில் வந்தால் கார் கூரையில் கயிறு போட்டுக் கட்டி வரும். "இவ்வளவுதானா?" என்று வாய் வரை வந்தது. கேட்டால் சாமானுக்கு ஆசைப்பட்ட மாதிரி ஆகும் என்று "டீ போடட்டுமா?" என்று கேட்டேன்.

புது வருஷ டைரி. பழக்கதோஷத்தில் பக்கத்தின் தலையில் "சொல்ல வேண்டியது" என்று எழுதிவிட்டேன். நிக்காஹ் ஆகி நாற்பத்திரண்டாம் நாள் அவர் விமானம் ஏறியதிலிருந்து இந்தப் பழக்கம். வாரம் முழுக்க நடந்ததைக் குறித்துவைப்பேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, அங்கே ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் சாப்பிட்ட கையோடு கூப்பிடுவார். ஒவ்வொன்றாகச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். பேச்சின் நடுவே எங்கள் பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்வார்கள். பேச்சு நீண்டால் அவர் பக்கத்துப் பாங்கும் கேட்கும். எந்தப் பக்கம் பாங்கு கேட்டாலும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்துவோம்.

சொல்ல வேண்டியது: பக்கத்து வீட்டு முருங்கை நம் சுவர்மேல் சாய்ந்தது. மிக்ஸி ஜார் மாற்றியது. கடைவாய்ப் பல் பிடுங்கியது. எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று பட்டுக்கோட்டை டாக்டர் சொன்னது.

போனில் என்றால் ஒரே மூச்சில் சொல்லியிருப்பேன். நேற்று அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று ஐந்து முறை கேட்டேன். வேறொன்றும் பேசவில்லை.

ஜனவரி 20, திங்கள்

அட்டைப்பெட்டியில் இருந்தது வைஃபை பெட்டி. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். சிம்மைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினால் வீடு முழுக்க நெட் வருமாம்.

எங்கள் வீட்டுக்கு அது தேவைதான். வீடு கட்டும்போது, அவர் அனுப்ப அனுப்ப மேஸ்திரி சுவரிலும் கூரையிலும் கம்பியை வாரி இறைத்துவிட்டார். கீழே எந்தக் கம்பெனி சிக்னலும் நுழையாது. போன் பேச வேண்டுமென்றால் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த்தொட்டிப் படியில் உட்கார வேண்டும். பதினாறு வருஷமாக நான் அப்படித்தான் பேசினேன்.

கடைத்தெருவில் கலைவாணியின் மொபைல் கடைக்கு இரண்டு பேரும் போனோம். அவள் பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, இது அந்த ஊர் கம்பெனிக்காரன் பூட்டி வச்ச பெட்டி. நம்ம சிம்மைப் போட்டா ஏத்துக்காது."

"பூட்டைத் தொறக்க முடியாதா?"

"அவன்தான் தொறக்கணும். நீங்க வேற வாங்கிக்குங்க. தஞ்சாவூர்ல சொல்லி வைக்கிறேன், ரெண்டு வாரத்துல வந்துரும்."

பெட்டிதான் இல்லை, போனுக்காவது சிம் வாங்கலாம் என்று அவர் ஆதாரை நீட்டினார். கைரேகை இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல், சிவப்பு. இடது கை, அதுவும் சிவப்பு. கலைவாணி அவர் விரலைத் துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். "ரேகையே இல்லியே அண்ணே, மழமழன்னு இருக்கு" என்றாள். கேஸும் செம்புக் குழாயும் தேய்த்த விரல். அவர் விரல்களை மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சிம்மை என் பெயரில் வாங்கினோம். என் விரலுக்கு முதல் தடவையே பச்சை.

"எத்தனை நாளுக்குப் போடட்டும் அண்ணே? இருபத்தெட்டா, எண்பத்து நாலா, இல்ல வருஷத்துக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கிய போன் உறைகளைப் பார்த்தேன்.

"இருபத்தெட்டு போதும்" என்றார்.

வீட்டுக்கு வந்து காலண்டரில் எண்ணினேன். பிப்ரவரி 16 வரை. சும்மாதான் எண்ணினேன்.

ஜனவரி 21, செவ்வாய்

மதியம் நாட்டுக்கோழி. அவர் பூப்போட்ட பீங்கான் தட்டில் சாப்பிட்டார். நான் பிறகு அடுப்படியில் பழைய சோறு சாப்பிட்டேன்.

டிக் எதுவும் இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

ஜும்ஆ முடிந்து பிரியாணி. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

நாலு மணிக்கு மாடிக்குப் போனேன். துணி எடுக்கத்தான் போனேன். துணி காயப் போடவே இல்லை என்பது தொட்டிப் படியில் உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. பாங்கு சொல்லும் வரை உட்கார்ந்துவிட்டு இறங்கினேன்.

போனில் அவரை "மச்சான்" என்பேன். நேரில் "என்னங்க". எப்போது இப்படி ஆனது என்று தெரியவில்லை. அவரும் போனில் "மெகரு" என்பார். நேரில் "இந்தா" என்கிறார். லீவில் வரும்போதெல்லாம் வீடு நிறைய ஆள் இருக்கும். அவர் உம்மா, மகள் தஸ்லிமா, பார்க்க வருகிறவர்கள் என்று இரண்டு மாதம் ஓடிவிடும். இப்போது மாமியும் இல்லை, தஸ்லிமாவைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. இரண்டே பேர். இரண்டு பேருக்கு இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டியிருக்க வேண்டாம்.

ஜனவரி 28, செவ்வாய்

மாடியிலிருந்து தஸ்லிமாவிடம் பேசினேன். போன் கம்பெனியின் செயலியை எப்படி இறக்குவது என்று சொல்லிக்கொடுத்தாள். சிம் இரண்டும் என் பெயரில் என்பதால் ஒரே திரையில் இரண்டு எண்ணும் தெரிகிறது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் பாக்கி என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறது. எனக்கு 19. அவருக்கு 20.

"அத்தா என்னம்மா பண்றாங்க?"

"உட்கார்ந்திருக்காங்க."

"நீங்க?"

"நானும்தான்."

"ரெண்டு பேரும் ஒரே ரூம்லயா?"

கழுதை, கேள்வியைப் பார்.

ஜனவரி 31, வெள்ளி

அடுப்படிக் குழாய் சொட்டியது. வழக்கம்போல் பிளம்பர் செல்வராசுவுக்குச் சொன்னேன். வந்தார், வாஷர் மாற்றினார், பத்து நிமிஷம். இவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வராசு போனதும் எழுந்து கடைத்தெருவுக்குப் போய்விட்டார். டீ குடிக்கவாம். வீட்டிலேயே போட்டுக்கொடுத்திருப்பேனே.

இரவுக்கு மட்டன் சுக்கா செய்தேன். பாதிதான் சாப்பிட்டார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். படியின் பாதியிலேயே அவர் குரல் கேட்டது. தமாமில் கூட வேலை பார்த்த பாரூக்கிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"விசா கையில இருக்குன்னா நல்லதுதான். ரெண்டு வருஷம்தானே... இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு பாரூக், நான் இல்லாமலே எல்லாம் நடக்குது... பதினெட்டாம் தேதிக்குள்ள சொல்லிடறேன்."

சத்தம் போடாமல் இறங்கி வந்துவிட்டேன். அடுப்படியில் நின்று வெங்காயம் உரித்தேன். தேவைக்கு மேலேயே உரித்துவிட்டேன்.

டிசம்பரில் போனில் இவர்தானே சொன்னார், "போதும் மெகரு, இதோட முடிச்சிட்டு வந்துடறேன்" என்று. நான்தான் அன்றைக்கு டைரியில் ஒரு டிக்குக்குப் பதில் மூன்று டிக் போட்டேன். இப்போது அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. போக நினைக்கிறவரை மடியைப் பிடித்து இழுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. இத்தனை வருஷமும் வாசலில் நின்று சிரித்த முகத்தோடுதான் அனுப்பியிருக்கிறேன்.

பிப்ரவரி 6, வியாழன்

புதுப் பெட்டி வந்துவிட்டது. கருப்பு நிறம். அதற்கும் ஒரு சிம், அதுவும் என் பெயரில், அதுவும் இருபத்தெட்டு நாள். கலைவாணி சிம்மை எப்படிப் போட்டாள் என்று பக்கத்தில் நின்று கவனித்தேன். வெட்டுப்பட்ட மூலை உள்ளே போக வேண்டும்.

அவருக்கு உயிர் வந்துவிட்டது. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். முன்னறையில் சிவப்பு, படுக்கையறையில் சிவப்பு. மாடிப்படிச் சன்னலில் வைத்ததும் பச்சை. பல்லி பிடிக்கிற பூனை மாதிரி அரைமணி நேரம் அங்கேயே நின்றார். பாஸ்வேர்டு வைத்து, அதை என் போனிலும் தானே போட்டுக்கொடுத்தார். அட்டையில் எழுதி ஒட்டியதைப் பிறகு பார்த்தேன். என் பெயர், பக்கத்தில் எங்கள் நிக்காஹ் வருஷம்.

எல்லாம் முடித்துவிட்டுச் சொன்னார்: "இனிமே நீ மாடி ஏற வேண்டாம். அடுப்படியிலயே போன் வரும். முட்டி வலின்னு சொல்லிக்கிட்டே இருப்பியே."

"யாரு போன்?"

"யாரு போனா இருந்தாலும்."

யார் போன் என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, யார் போன் வருமோ அவர் போன்தான்.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் பெட்டியில் சிவப்பு விளக்கு. பெருக்கும்போது சுவிட்சில் துடைப்பம் பட்டிருக்கலாம். அவர் வந்து போட்டுவிட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றும் சிவப்பு. பெட்டி சன்னலில் இல்லை, அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது. தூசி துடைக்கிறபோது எங்கேயாவது வைத்திருப்பேன். தகர டிரம் சிக்னலை மறைக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 11, செவ்வாய்

பெட்டியைக் கடைக்கு எடுத்துப்போனார். அங்கே பச்சையாம். கலைவாணி, "பெட்டியில கோளாறு இல்ல அண்ணே, வீட்டுலதான் ஏதோ இருக்கு" என்றாளாம். அவர் இதைச் சொல்லும்போது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

மறுபடியும் சிவப்பு. புதுப் பொருள்களே இப்படித்தான்.

இந்த டைரியில் எழுதுவதெல்லாம் அவரிடம் சொல்வதற்காக எழுதுவது. அதனால் எல்லாவற்றையும் எழுத முடியாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்றோடு அவர் எண்ணின் இருபத்தெட்டு நாள் முடிகிறது.

காலையில் ஒரு மூட்டை அரிசி வந்து இறங்கியது. பிறகு இரண்டாவது கேஸ் சிலிண்டர். மதியம் கடைத்தெருவிலிருந்து வந்தவர் பையில் ஆறு பல்பு, டார்ச்சுக்கு பேட்டரி, எனக்கு முட்டிவலித் தைலம் இரண்டு புட்டி. எனக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு லீவின் கடைசி வாரமும் இதே சாமான்கள்தான். நிரப்பிவிட்டுத்தான் போவார்.

மாடிக்குப் போய்ச் செயலியைத் திறந்தேன். என் எண்ணுக்குப் பக்கத்தில் 365. என்னைக் கேட்காமலே கடையில் சொல்லி வருஷத்துக்குப் போட்டிருக்கிறார். அவர் எண்ணுக்குப் பக்கத்தில் "இன்றுடன் முடிகிறது" என்று இருந்தது.

தொட்டிப் படியில் உட்கார்ந்து அழுதேன். எழுதிவைக்கிறேன், விட்டால் இந்த டைரி பொய்யாகிவிடும். இன்னும் இரண்டு வாரத்தில் நோன்பு. இத்தனை வருஷத்தில் நாலு நோன்புதான் என்னோடு திறந்திருக்கிறார். எனக்கு இவர் வேண்டும். அரிசியும் சிலிண்டரும் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. முகத்தைப் பார்த்தால் "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றுதான் வருகிறது.

கீழே வந்து, படியில் நின்று, பெட்டியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

இன்று நடந்ததை முழுக்க எழுதப் போகிறேன்.

மாலை ஐந்து மணி. அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு படியில் வெகுநேரம் நின்றார். பிறகு மாடிக்கு ஏறும் சத்தம் கேட்டது. ஐந்து நிமிஷம் போயிருக்கும். மேடையில் கிடந்த என் போன் அடித்தது.

இந்த அடுப்படியில் இதுவரை ஒரு போன்கூட அடித்ததில்லை. கத்தியைப் போட்டுவிட்டேன். திரையைப் பார்த்தால் "மச்சான் சவூதி". அவருடைய அந்த ஊர் எண். புது எண்ணில் நாள் முடிந்துவிட்டதால் பெட்டியின் நெட்டை வைத்துப் பழைய எண்ணிலிருந்தே நெட் கால் போட்டிருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. அந்த நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இருபத்தேழு வருஷத்துப் பழக்கத்தில் எடுத்தேன்.

"மெகரு, பெட்டியில லைட்டு என்ன கலரு? எட்டிப் பாரு."

எட்டிப் பார்த்தேன். "பச்சை மச்சான்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் காற்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் மாடிக் காற்றுதான்.

"இத்தன நாளா ஏன் செவப்பா இருந்துச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"வியாழக்கெழம சிம்மு தலைகீழா இருந்துச்சு. நேரா வச்சேன். இன்னிக்குப் பாத்தா மறுபடியும் தலைகீழா இருக்கு. சிம்மு தூக்கத்துல பொரண்டு படுக்குமா புள்ள?"

முகம் எதிரில் இல்லை. குரல் மட்டும் காதோடு இருந்தது. எனக்குத் தெரிந்த ஆள் இந்தக் குரல்தான்.

"நான்தான் திருப்பினேன்."

"ஏன்? நெட்டு வேண்டாமா?"

"பெட்டி சரியாயிட்டா நீங்க போயிருவீங்க."

அவர் மூச்சு விடுவது கேட்டது.

"பாரூக் ஒரு விசா வச்சிருக்கான். நாளைக்குள்ள சொல்லணும்" என்றார்.

"தெரியும். துணி எடுக்க வந்தப்போ கேட்டேன்."

"அன்னிக்குக் கொடியில துணியே இல்லியே."

கீழே கிடந்த கத்தியை எடுத்து மேடையில் வைத்தேன்.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த கேக்கல மெகரு?"

"நீங்க ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? வந்த நாள்லேருந்து என்னை விருந்தாளியால்ல வச்சிருக்கே. பீங்கான் தட்டு, நாட்டுக்கோழி, மட்டன். அந்தத் தட்டு யாரு யாருக்கு எடுப்பேன்னு எனக்குத் தெரியாதா? சம்பந்தி வந்தா எடுப்பே, பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்தா எடுப்பே. விருந்தாளி எத்தன நாளு இருப்பான்? நீ அடுப்படியில நின்னுக்கிட்டுப் பழைய சோத்தச் சாப்பிடறே. எனக்கு ஒரு நாள் போட்டியா? முப்பது வருஷமா குழாயோட மல்லுக்கட்டுனவன் எதிர்ல உக்காந்திருக்கேன், நீ செல்வராசுவக் கூப்பிடறே. வெண்ணெயக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையற கதைதான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். அதுவும் அவருக்குக் கேட்டிருக்கும்.

"நெசமாவே நெனப்பு வரல மச்சான். குழாய் சொட்டுனா செல்வராசு. அப்படியே கை பழகிப்போச்சு."

"அதத்தான் சொல்றேன். நான் இல்லாமலே இந்த வீடு ஓடுது. நான் எங்க உக்காந்தாலும் நீ பெருக்கற எடமா இருக்கு. அங்கன்னா எனக்கு ஒரு கட்டிலும் டூல் பெட்டியும் இருக்கு. சரி, பணமாவது அனுப்புவோம், வெள்ளிக்கெழமயாவது நீ நல்லாப் பேசுவேன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இருக்கச் சொல்றியா, போகச் சொல்றியா?"

"இருங்க மச்சான்."

இவ்வளவுதான். ஒரு மாதமாக வராத வார்த்தை. நடுவில் ஒரு கூரை இருந்ததும் வந்துவிட்டது.

பிறகு அவர் கேட்டார்: "டைரி இருக்கா?"

எடுத்து வந்தேன். ஜனவரி 18-லிருந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். முருங்கைக்குச் சிரித்தார். மிக்ஸி ஜாருக்கு, பழையதைத் தூக்கிப் போடாதே, சரிபண்ணலாம் என்றார். பல்லுக்கு "வலிச்சுதா?" என்றார். சர்க்கரையைச் சொன்னதும் "ஒரு மாசமா ஒரே வீட்டுல இருக்கோம், இதப் போன்ல சொல்றியே" என்றார். அடுத்த தடவை டாக்டரிடம் கூட வருவதாகச் சொன்னார். டிக் போட்டேன். கீரை அப்படியே கிடந்தது. இரண்டு பேரும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவர் இறங்கி வந்திருந்தால் நான் மறுபடியும் டீ போடட்டுமா என்று கேட்டிருப்பேன்.

வாசித்துக்கொண்டிருக்கும்போது மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார். அடுப்படிச் சன்னல் வழியாகப் பாங்கு கேட்டது. போனுக்குள்ளிருந்தும் அதே பாங்கு, ஒரு நொடி தள்ளிக் கேட்டது. இத்தனை வருஷமாக ஒருவர் பாங்குக்கு மற்றவர் காத்திருந்தோம். இன்று இரண்டு காதிலும் ஒரே பள்ளிவாசல். முடியும் வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"சரி, தொழுவப் போறேன், வைக்கட்டுமா?" என்றார். எப்போதும் அப்படித்தான் முடிப்பார்.

இறங்கி வந்து, கைகால் முகம் கழுவி உளூச் செய்து, கையை நீட்டினார். துண்டைக் கொடுத்தேன். இருவரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. பேசிய நேரம் ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம் என்று போன் காட்டியது.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலையில் எவர்சில்வர் தட்டில் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம், வறுத்த மோர்மிளகாய். தட்டை அவர் முன்னால் வைத்தேன். எனக்கும் ஒரு தட்டு போட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் மிளகாயை மட்டும் இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டார். பீங்கான் தட்டுகளைக் கழுவிக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவிட்டேன்.

பாரூக்குக்கு மாடியிலிருந்து பேசினார். நான் துணி எடுக்கப் போகவில்லை. "இல்லப்பா, வீட்டுல விடமாட்டேங்கறா" என்று அவர் சொன்னது அடுப்படி வரை கேட்டது. கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னார். ஊர் கேட்கட்டும்.

செல்வராசு போட்ட வாஷர் மட்டமானதாம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாற்றினார். அது சொட்டவே இல்லை, ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் கலைவாணி கடைக்குப் போனோம். அவர் எண்ணைச் சொன்னோம்.

"நாள் முடிஞ்சிருச்சே அண்ணே. எத்தனை நாளுக்குப் போடட்டும்?"

அவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் போன் உறைகளைப் பார்க்கவில்லை.

"வருஷத்துக்குப் போடு" என்றேன். "சிம்மு என் பேர்லதானே இருக்கு."

பிப்ரவரி 21, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்து ரசமும் அப்பளமும் சாப்பிட்டார். நேரில் இன்றைக்கு நாலு வாக்கியம் பேசினோம். அதில் ஒன்று சண்டை, மிக்ஸி ஜாரைப் பிரித்து மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்ததற்கு. முன்னேற்றம்தான்.

நாலு மணிக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவரை வீட்டில் எங்கும் காணவில்லை. மேடையில் போன் அடித்தது. "மச்சான் சவூதி".

கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"மெகரு, சொல்லு. இந்த வாரம் என்ன நடந்துச்சு?"

"இருங்க மச்சான், டைரிய எடுத்துட்டு வர்றேன்."

பேசி முடித்ததும், அவர் இறங்கி வருவதற்குள், போனில் பெயரை மாற்றினேன். இப்போது "மச்சான் மாடி" என்று இருக்கிறது.